எந்தக் கொடி எங்கே பறக்க வேண்டும்?

அரசாங்கக் கட்டடங்களில் கொடி ஏற்றும் முறை பற்றித் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் பேச எனக்கு ஒதுக்கப்பட்ட நேரம் கொஞ்சம்தான். அங்கே சொன்னதையும், மணியடித்துவிட்டதால் சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

கருத்தரங்கின் முடிவில் கேள்வி நேரம் வந்தபோது, பினாங்குத் தமிழ்ப்பள்ளி ஒன்றின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் எழுந்தார். "ஐயா, எங்கள் பள்ளியில் மூன்று கொடிக்கம்பங்கள் இருக்கின்றன. எதில் எந்தக் கொடியை ஏற்ற வேண்டும்? மாற்றி ஏற்றிவிட்டால் போலீஸ் வந்து பிடித்துக்கொண்டு போய்விடுமா?" என்று கேட்டார். அரங்கில் சிரிப்பு எழுந்தது. ஆனால் கேட்டவர் சிரிக்கவில்லை. அவர் உண்மையிலேயே பயந்துபோய்தான் கேட்டார் என்பதை அவர் முகமே சொன்னது.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2025-ஆம் ஆண்டு நம் நாட்டில் கொடி படாத பாடு பட்டது. ஏப்ரல் மாதம் சீன அதிபர் வருகையையொட்டி சின் சியூ நாளிதழ் வெளியிட்ட படத்தில் ஜாலூர் கெமிலாங்கில் பிறை இல்லை. அந்த நாளிதழுக்கு 1 லட்சம் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. அதே மாதத்தில் கல்வி அமைச்சின் எஸ்.பி.எம். தேர்வு அறிக்கையிலேயே தவறான கொடிப் படம் இடம்பெற்று, அமைச்சு மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. ஆகஸ்ட் மாதம் நம் பினாங்கு மாநிலத்தின் கெப்பாளா பத்தாசில் ஓர் இரும்புச் சாமான் கடையில் கொடி தலைகீழாகத் தொங்கவிடப்பட்டது. அந்தப் படம் கைத்தொலைபேசிகளில் பரவி, போலீஸ் புகாராகி, கடைசியில் அரசியலாகவே ஆகிவிட்டது. கடைக்காரர் தேசிய மாதத்துக்காகக் கொடி கட்டப் போனவர். கட்டாமலே இருந்திருந்தால் அவரை யாரும் ஒரு கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள்.

இதைத்தான் நான் கவலையோடு பார்க்கிறேன். 'நமக்கு ஏன் வம்பு' என்று சொல்லிக் கொடியை மடித்து அலமாரியில் வைத்துவிடுகிற மனநிலை நம்மவர்களிடம் வந்துவிட்டது. முறை தெரிந்துவிட்டால் அந்தப் பயத்துக்கு இடமிருக்காது. ஆகவே முறையைப் பார்ப்போம். அதற்கு முன், நாம் வாழும் இந்த ஊருக்கும் கொடிக்கும் உள்ள உறவைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

கொடியால் தொடங்கிய ஊர்

பினாங்கின் நவீன வரலாறே ஒரு கொடியேற்றத்தில்தான் தொடங்குகிறது. 1786-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11-ஆம் நாள், கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் வந்த பிரான்சிஸ் லைட், இப்போது கார்ன்வாலிஸ் கோட்டை இருக்கும் கடலோரத்தில் பிரிட்டிஷ் கொடியை ஏற்றினார். மறுநாள் வேல்ஸ் இளவரசரின் பிறந்தநாள் என்பதால், தீவுக்கு அந்த இளவரசரின் பெயரையே சூட்டினார். கெடா சுல்தான் இந்தத் தீவைக் கொடுத்தது, எதிரிகள் வந்தால் கம்பெனி தனக்குப் படைத்துணை தரும் என்ற நம்பிக்கையில். அந்தத் துணை வரவேயில்லை. சுல்தான் தீவைத் திரும்பப் பெற 1791-இல் முயன்றும் முடியவில்லை. கொடி ஏறிய இடத்தில் அதிகாரமும் ஏறிவிடும் என்பதற்கு நம் ஊரே சாட்சி.

இங்கே ஒரு சிறு செய்தி. பழைய நிகழ்ச்சிகளைச் சித்திரமாக வரைகிறவர்கள், லைட் ஏற்றிய கொடியாக இன்றைய பிரிட்டிஷ் கொடியையே போட்டுவிடுகிறார்கள். அது தவறு. அயர்லாந்துக்குரிய சிவப்புக் குறுக்குக் கோடு அந்தக் கொடியில் சேர்ந்தது 1801-இல்தான். 1786-இல் கடற்கரையில் பறந்த கொடியில் அது கிடையாது. கொடியை வரைவதில் தவறு செய்வது புதிய வியாதி இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

நம்மவர்கள் பினாங்கு மலையைக் 'கொடிமலை' என்று அழைப்பது உங்களுக்குத் தெரியும். மலாயிலும் அது 'புக்கிட் பெண்டேரா', அதாவது கொடிக் குன்று. மலையுச்சியில் கொடிக்கம்பம் நட்டு, கப்பல் வருவதைக் கொடி காட்டிக் கீழே கோட்டைக்குத் தெரிவித்தார்கள். தந்தியும் தொலைபேசியும் இல்லாத நாளில் அதுதான் செய்தி நிறுவனம். மலையேறிப் போய் முருகனைக் கும்பிட்டு வருகிற நம் மக்களில் எத்தனை பேர் அந்தப் பெயரின் காரணத்தை யோசித்திருப்பார்கள்?

கொடியை இறக்கிய தமிழர்

ஏற்றியவர் பெயர் எல்லாப் பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. இறக்கியவர் பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. அவர் ஒரு தமிழர்.

1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ஜோர்ஜ்டவுன் மீது குண்டு வீசின. 11-ஆம் தேதி நடந்த தாக்குதலில் கடைத்தெருக்களில் பிணங்கள் விழுந்தன. வெள்ளைக்கார அதிகாரிகள் என்ன செய்தார்கள்? ஐரோப்பியர்களை மட்டும் கப்பலேற்றிக்கொண்டு, இரவோடு இரவாகத் தீவை விட்டுப் போய்விட்டார்கள். விடிந்தபோது ஊரில் அரசாங்கம் இல்லை. ஆனால் கார்ன்வாலிஸ் கோட்டைக் கம்பத்தில் பிரிட்டிஷ் கொடி மட்டும் பறந்துகொண்டே இருந்தது. காவலுக்கு ஆளில்லாத கொடி. வானத்திலிருந்து பார்க்கும் எதிரிக்கோ, 'இங்கே இன்னும் எதிர்ப்பு இருக்கிறது' என்று அது சொல்லிக்கொண்டிருந்தது.

அப்போது 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர் மாணிக்கசோதி சரவணமுத்து. இலங்கைத் தமிழர். கொழும்பில் கிரிக்கெட் ஆட்டம் பார்ப்பவர்களுக்குத் தெரிந்த பாக்கியசோதி சரவணமுத்து மைதானம் அவருடைய சகோதரரின் பெயரைத் தாங்கியது. இந்தச் சரவணமுத்து, சீனர், மலாய்க்காரர், இந்தியர், யுரேசியர் எனப் பல இனத்தவரையும் சேர்த்துக்கொண்டு ஊரைப் பார்த்துக்கொள்ள ஒரு குழுவை அமைத்தார். கோட்டையில் இருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கினார். பிறகு வானொலி நிலையத்திலிருந்து, பிரிட்டிஷார் போய்விட்டார்கள், இந்த ஊரைக் காக்கப் படை எதுவும் இல்லை என்று ஜப்பானியருக்கு அறிவித்தார். டிசம்பர் 19-ஆம் தேதி ஜப்பானியப் படை ஜோர்ஜ்டவுனுக்குள் நுழைந்தது. பின்னாளில் அவர் 'தி சாரா சாகா' என்ற பெயரில் தன் வாழ்க்கைக் குறிப்பையும் எழுதினார்.

அதிகாரம் உள்ளவன்தான் கொடியைத் தொடலாம் என்பது எழுதப்பட்ட விதி. அதிகாரம் ஓடிப்போன பிறகு, ஊர் மக்களின் உயிரைக் காப்பதற்காக ஒரு பத்திரிகை ஆசிரியர் கொடியைத் தொட்டார். அவர் செய்தது மரியாதைக் குறைவா? நான் அப்படி நினைக்கவில்லை. விட்டு ஓடியவர்கள்தான் அந்தக் கொடியை அவமதித்தார்கள்.

1945 செப்டம்பர் 3-ஆம் நாள் பிரிட்டிஷ் கடற்படை வீரர்கள் மீண்டும் பினாங்கில் இறங்கினார்கள். அவர்கள் கொடி இன்னும் 12 ஆண்டுகள் இங்கே பறந்தது. 1957 ஆகஸ்ட் 31-இல் மெர்டேக்கா வந்தது.

ஜாலூர் கெமிலாங்: கோடுகளின் கணக்கு

நம் தேசியக் கொடியை வரைந்தவர் மன்னரோ மந்திரியோ அல்லர். ஜொகூர் பொதுப்பணித் துறையில் வேலை செய்த முகமட் ஹம்சா என்ற 29 வயது இளைஞர். 1949-இல் நடந்த போட்டிக்கு வந்த 373 வரைபடங்களில் அவருடையது தேர்வானது. முதலில் அவர் வரைந்த நட்சத்திரத்துக்கு ஐந்து முனைகள்தாம். பிறகு அது பதினொரு முனையாக மாற்றப்பட்டது. 1950 மே 26-ஆம் நாள் அந்தக் கொடி முதன்முதலாக ஏற்றப்பட்டது. அப்போது கோடுகளும் பதினொன்றே. 1963 செப்டம்பர் 16-இல் மலேசியா உருவானபோது கோடுகள் 14, முனைகள் 14 என்றாயின. 1965-இல் சிங்கப்பூர் பிரிந்தது. ஆனாலும் எண்ணிக்கையைக் குறைக்கவில்லை. பதினான்காவது கோடு இப்போது கூட்டரசைக் குறிக்கிறது. 'ஜாலூர் கெமிலாங்' என்ற பெயர் 1997-இல், மகாதீர் பிரதமராக இருந்தபோதுதான் சூட்டப்பட்டது.

இப்போது ஒரு நடைமுறைக் குறிப்பு. இதை வாசிக்கும்போதே ஒரு கொடியைக் கையில் எடுத்துப் பாருங்கள். 14 கோடுகள் என்பது இரட்டைப்படை. ஆகவே மேல் ஓரத்தில் ஒரு நிறமும் கீழ் ஓரத்தில் வேறு நிறமும் வந்தே தீரும். மேலே சிவப்பு, அடியில் வெள்ளை. பிறையும் நட்சத்திரமும் உள்ள நீலப் பகுதி, கம்பத்தை ஒட்டி, மேலே. 'மேலே சிவப்பு' என்ற இரண்டே சொற்களை மனத்தில் வைத்திருந்தால் கெப்பாளா பத்தாஸ் மாதிரியான சங்கடம் யாருக்கும் வராது.

மாநிலக் கொடி அப்படியில்லை. கம்பத்தை ஒட்டி இளநீலம், நடுவில் வெள்ளை, ஓரத்தில் மஞ்சள். நடுவே பச்சைத் தரையில் ஒரு பாக்கு மரம். பினாங்கு என்றாலே பாக்குதானே! வெற்றிலை பாக்கு இல்லாமல் நமக்கு ஒரு மங்கலமும் இல்லை. ஆக இந்த மாநிலத்தின் கொடியில் இருப்பது நம் தாம்பூலத் தட்டில் இருப்பதுதான் என்று சொல்லி, சின்னப் பிள்ளைகளுக்கு நான் அறிமுகப்படுத்துவது வழக்கம். மரம் இருப்பதால், தலைகீழாக ஏற்றினால் குழந்தைக்கும் தெரிந்துவிடும். இளநீலம் நம்மைச் சூழ்ந்த கடல், வெள்ளை அமைதி, மஞ்சள் செழிப்பு.

நான் செய்த தவறு

அரசாங்க வேலையில் சேர்ந்த புதிதில் நானும் ஒரு நாள் கொடியைத் தலைகீழாக ஏற்றியவன்தான். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். வழக்கமாக ஏற்றும் பணியாளர் மருத்துவ விடுப்பில் இருந்தார். அலுவலகத்தில் இளையவன் நான் என்பதால் என்னை அனுப்பினார்கள். காற்றே இல்லாத காலை. கொடி கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு தொங்கியது. ஏறுவது சிவப்பா வெள்ளையா என்று பார்க்கத் தோன்றவில்லை. பத்து மணிக்குக் கடற்காற்று அடித்துக் கொடி விரிந்தபோதுதான், சாலையில் போன ஒரு மோட்டார் சைக்கிள்காரர் நிறுத்தி உள்ளே வந்து, மெதுவாக, "தம்பி, கொடியைக் கொஞ்சம் பாருங்க" என்றார். அதற்குள் முப்பது, நாற்பது பேர் அந்த வாசலைக் கடந்து போயிருப்பார்கள். ஒருவர் கண்ணிலும் படவில்லை.

மறுநாள் திரும்பி வந்த பணியாளர் என்னைக் கம்பத்தடிக்கு அழைத்துக்கொண்டு போனார். கொடியின் ஓரத்தில் தைத்திருக்கும் கயிற்றைக் கையில் கொடுத்து, "கண்ணால் பார்க்காதே, விரலால் தடவு" என்றார். அந்தக் கயிற்றின் மேல் முனையில் ஒரு சிறு மரக்கட்டை இருந்தது. கீழ் முனையில் வெறும் கயிறு. கட்டை இருக்கும் முனை எப்போதும் மேலே. இருட்டில் ஏற்றினாலும் தவறாது. அலுவலகத்தில் யார் எழுதிவைத்த சுற்றறிக்கையிலும் இல்லாத பாடம் அது.

இன்றைக்கு அந்த மாதிரித் தவறு நடந்தால், அந்த மோட்டார் சைக்கிள்காரர் உள்ளே வந்து சொல்லியிருப்பாரா, படம் எடுத்துப் போட்டிருப்பாரா என்று நான் யோசிப்பதுண்டு.

விதி எங்கே இருக்கிறது?

பலர் நினைப்பதுபோல எல்லாவற்றையும் ஒரே சட்டம் சொல்லிவிடவில்லை. மூன்று இடங்களில் பார்க்க வேண்டும்.

1963-ஆம் ஆண்டின் சின்னங்கள், பெயர்கள் முறைகேடாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் ஒன்று. தேசியக் கொடி போன்ற சின்னங்களை வியாபாரத்துக்கும் தொழிலுக்கும் அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது என்பது அதன் அடிப்படை. கொடியை உங்கள் கடைச் சின்னமாக ஆக்கிக்கொள்ள முடியாது. இன்னொன்று 1949-ஆம் ஆண்டின் தேசியச் சின்னங்கள் காட்சிக் கட்டுப்பாட்டுச் சட்டம். இது பிற நாட்டுக் கொடிகளைப் பற்றியது. அதற்குப் பிறகு வருகிறேன். மூன்றாவது, பிரதமர் துறையின் சடங்கு விவகாரப் பிரிவு தரும் வழிகாட்டி நெறிகள். அரசாங்கக் கட்டடத்தில் எந்தக் கொடி எங்கே, எந்த வரிசையில் என்பதெல்லாம் பெரும்பாலும் இந்த மூன்றாவதில்தான் இருக்கிறது. நெறிமுறை என்பதால் எல்லாவற்றுக்கும் சிறை என்று அர்த்தமில்லை. ஒரு தலைமைக் குமாஸ்தா தன் அலுவலகத்தில் சரியாகச் செய்ய வேண்டும் என்பதற்கான கையேடு அது.

அதன் உயிர்நாடி 'வலப்பக்கம் மரியாதைக்குரிய பக்கம்' என்ற பழைய வழக்கம். குழப்பம் வருவது எங்கே என்றால், யாருடைய வலம் என்பதில்தான். கட்டடத்தில் முதுகை வைத்துத் தெருவைப் பார்த்து நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வலக்கைப் பக்கம்தான் கொடியின் வலப்பக்கம். தெருவிலிருந்து பார்ப்பவருக்கு அது இடப்பக்கம். கோயிலில் சுவாமியின் வலப்பக்கம் நமக்கு இடப்பக்கமாகத் தெரிவதில்லையா? அதே கணக்கு. ஆகவே இரண்டு கம்பங்கள் இருந்தால், தெருவிலிருந்து பார்ப்பவருக்கு இடப்பக்கக் கம்பத்தில் ஜாலூர் கெமிலாங். அடுத்ததில் பினாங்கு மாநிலக் கொடி.

கம்பங்கள் மூன்று என்றால் நடுக்கம்பம் ஜாலூர் கெமிலாங்குக்கு. எந்தக் கொடியும் அதைவிட உயரத்திலோ பெரிதாகவோ பறக்கக் கூடாது. ஏற்றும்போது தேசியக் கொடி பின்தங்கக் கூடாது. இறக்கும்போது அது முந்தக் கூடாது. தரையில் படக் கூடாது. கிழிந்து வெளிறிய கொடி கம்பத்தில் இருக்கக் கூடாது. உண்மையைச் சொன்னால், நம் ஊரில் தலைகீழ்க் கொடியைவிட அடிக்கடி நடக்கும் அவமதிப்பு இந்தக் கடைசி வகைதான். செப்டம்பர் 16 மலேசிய தினம் முடிந்தும் இறக்காமல், மழையிலும் வெயிலிலும் டிசம்பர் வரை தொங்கிக் கந்தலாகும் கொடிகளை நான் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அதற்கு ஒரு போலீஸ் புகாரும் வருவதில்லை.

கந்தலான கொடியை என்ன செய்வது என்று ஒரு வாசகி முன்பு கேட்டிருந்தார். குப்பைத் தொட்டியில் போடாதீர்கள், மேசை துடைக்காதீர்கள். இந்தியாவின் 2002-ஆம் ஆண்டுக் கொடி விதித்தொகுப்பு, அப்படிப்பட்ட கொடியைத் தனியிடத்தில் மரியாதையாக எரித்துவிடச் சொல்கிறது. இங்கேயும் அதையே பின்பற்றலாம்.

மாநிலக் கொடிக்கு யார் பொறுப்பு?

இது நம் நாட்டுக்கே உரிய சுவையான விஷயம். ஜோர்ஜ்டவுனில் சுற்றி வந்தால், ஒரே ஊரில் மூன்று அரசாங்கங்களின் கட்டடங்களைப் பார்க்கலாம். கொம்தாரில் மாநில அரசாங்கம். பாடாங் கோத்தா லாமா திடலருகே 1903-இல் கட்டிய மாநகர மண்டபத்தில் மாநகர் மன்றம். சுங்கத் துறை, குடிநுழைவுத் துறை, போலீஸ் எல்லாம் கூட்டரசு. தேசியக் கொடி எல்லாருக்கும் பொது, அதற்கான உத்தரவு கோலாலம்பூர், புத்ராஜெயாவிலிருந்து வரும். மாநிலக் கொடியைப் பற்றிய உத்தரவோ மாநிலச் செயலகத்திலிருந்து வரும். ஜூலையில் மாநில ஆளுநர் பிறந்தநாளுக்குக் கட்டடங்களில் மாநிலக் கொடி நிறைவதையும், ஆகஸ்டில் ஜாலூர் கெமிலாங் நிறைவதையும் கவனித்தால் இந்த வேறுபாடு புரியும்.

பதின்மூன்று மாநிலங்களின் கொடிகளையும் வரிசையாக ஏற்றும் நிகழ்ச்சிகளில் பினாங்கு முன்னால் வருவதில்லையே என்று சிலருக்குக் குறை. வழக்கமாக மன்னர்கள் உள்ள ஒன்பது மாநிலங்கள் முதலில் வரும். ஆளுநர் உள்ள மலாக்கா, பினாங்கு, சபா, சரவாக் பிறகு வரும். நம்மை ஒதுக்குவதாக எண்ண வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் உள்ள நம் உறவினர்களுக்கு இது வியப்பாக இருக்கும். அங்கே மாநிலத்துக்கெனத் தனிக் கொடி இல்லை. 1970-இல் முதலமைச்சர் கருணாநிதி அப்படி ஒரு கொடிக்கான வரைபடத்தை முன்வைத்தார். அது நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் இன்னொன்றில் வென்றார். அதுவரை சுதந்திர தினத்தன்று மாநிலத் தலைநகரங்களில் ஆளுநர்களே தேசியக் கொடியை ஏற்றினார்கள். மக்கள் தேர்ந்தெடுத்த முதலமைச்சர் பக்கத்தில் நின்று பார்ப்பார். இது சரியா என்று அவர் பிரதமர் இந்திரா காந்தியிடம் வாதாடினார். சுதந்திர தினத்தில் முதலமைச்சர், குடியரசு தினத்தில் ஆளுநர் என்று 1974-இல் முடிவாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்ட் 15-இல் சென்னைச் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கருணாநிதி கொடி ஏற்றினார். இன்று இந்தியாவின் எல்லா முதலமைச்சர்களும் அந்த நாளில் கொடி ஏற்றுவது அதன் பயன்தான்.

அந்தக் கோட்டையும் நம் கார்ன்வாலிஸ் கோட்டையும் கம்பெனி கட்டிய கோட்டைகளே. 1947 ஆகஸ்ட் 15 அன்று அங்கே ஏற்றிய மூவர்ணக் கொடியை இன்றும் கோட்டை அருங்காட்சியகத்தில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். சென்னைக்குப் போகிறவர்கள் துணிக்கடைகளுக்கு நடுவே ஒரு மணி நேரம் அதற்கும் ஒதுக்கலாம்.

அரைக்கம்பம்

2014 ஜூலை 17-ஆம் நாள் உக்ரேன் வானில் எம்.எச். 17 விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு, 298 பேர் மாண்டார்கள். ஆகஸ்ட் 22-ஆம் நாள் நம் நாட்டவரில் 20 பேரின் உடல்கள் முதலில் வந்து சேர்ந்தன. அது தேசியத் துக்க நாளாக அறிவிக்கப்பட்டது. நாடு முழுவதும் கொடிகள் அரைக்கம்பத்தில் பறந்தன. ஆகஸ்ட் மாதம் என்பதால் வீதியெங்கும் கொண்டாட்டக் கொடிகள். அவற்றுக்கு நடுவே அரசாங்கக் கட்டடங்களின் கொடி மட்டும் பாதியில் நின்றது. பார்த்தவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

அரைக்கம்பத்தில் ஒரு முறை இருக்கிறது. நேராகப் பாதி வரை ஏற்றி நிறுத்திவிடக் கூடாது. முதலில் உச்சி வரை ஏற்ற வேண்டும். ஒரு கணம் நிறுத்தி, பிறகு மெல்ல இறக்கிப் பாதியில் கட்ட வேண்டும். மாலையில் இறக்கும்போதும் அப்படியே, மறுபடி உச்சிக்குக் கொண்டுபோன பின்தான் கீழே இறக்கலாம். உத்தரவு இல்லாமல் ஓர் அலுவலகமோ பள்ளியோ தானாக முடிவெடுத்துத் தேசியக் கொடியை அரைக்கம்பத்தில் விடக் கூடாது. ஊர்ப் பெரியவர் ஒருவர் இறந்துபோனால் நம் சங்கக் கொடியைத் தாழ்த்தலாம், அது நம் உரிமை.

பிற நாட்டுக் கொடி

நம் கோயில் நிர்வாகங்களும் சங்கங்களும் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இது. 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிற நாட்டுக் கொடியைப் பொது இடங்களிலும் பள்ளிகளிலும் காட்சிக்கு வைப்பது குற்றம். அவசரகாலத்தில் பிறந்த சட்டம் அது. அந்தக் காலத்தில் சீனரும் இந்தியரும் தத்தம் தாய்நாட்டுக் கொடியோடு வாழ்ந்தவர்கள். 2024 அக்டோபரில் பேராக் தெலுக் இந்தானில் நடந்த ஒரு பண்பாட்டு விழாவில், சீனாவிலிருந்து வந்தவர்கள் தங்கள் நாட்டுக் கொடியை ஏந்தி நடந்தபோது, போலீஸ் விசாரணைக்கு எடுத்துக்கொண்டது இந்தச் சட்டத்தைத்தான்.

தமிழ்நாட்டிலிருந்து நாட்டியக் குழுவோ பேச்சாளரோ வருகிறார், மரியாதைக்காக மண்டப வாசலில் இந்தியக் கொடி கட்டுவோம் என்று ஆர்வத்தில் இறங்கிவிடாதீர்கள். தூதரகம் சம்பந்தப்பட்ட அதிகாரபூர்வ நிகழ்ச்சி என்றால் அவர்களே முறையாக ஏற்பாடு செய்வார்கள். மற்றவற்றுக்கு முதலில் போலீசிடம் கேளுங்கள். அனுமதியோடு இரு நாட்டுக் கொடிகளை ஏற்றும்போது, இரண்டும் ஒரே அளவு, ஒரே உயரம். அமைதிக் காலத்தில் ஒரு நாட்டுக் கொடிக்கு மேல் இன்னொரு நாட்டுக் கொடி பறக்கக் கூடாது என்பது உலக வழக்கம்.

2017 ஆகஸ்டில் கோலாலம்பூரில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியின் கையேட்டில் இந்தோனேசியக் கொடி தலைகீழாக அச்சாகிவிட்டது. சிவப்பு மேலே இருந்தால் இந்தோனேசியா, வெள்ளை மேலே இருந்தால் போலந்து. அண்டை நாடு கொதித்தெழுந்தது. மலேசியா மன்னிப்புக் கேட்டது. அச்சுத் தவறு என்று நாம் சொன்னதை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்பதையும், உள்ளூர்க் கடைக்காரர்கள் விஷயத்தில் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இனி அந்தப் பெற்றோர் ஆசிரியர் சங்க நண்பரின் கேள்விக்கு வருகிறேன். ஐயா, நடுக்கம்பத்தில் ஜாலூர் கெமிலாங். பள்ளியைப் பார்த்து நிற்பவருக்கு இடப்பக்கத்தில் பினாங்குக் கொடி, வலப்பக்கத்தில் பள்ளிக் கொடி. மேலே சிவப்பு. கொடியேற்றும் மாணவனின் விரலை அந்தக் கயிற்று முனையில் ஒரு முறை வைத்துக் காட்டுங்கள். நீங்கள் பிறகு தனியே வந்து, உங்கள் பள்ளியில் மூன்று கம்பங்களும் ஒரே உயரம், கப்பியும் துருப்பிடித்திருக்கிறது என்று சொன்னீர்கள். ஒரே உயரம் என்பது குற்றமில்லை. நடுக்கம்பம் தாழ்ந்திருந்தால்தான் தவறு. துருப்பிடித்த கப்பியை மட்டும் ஆகஸ்டுக்கு முன் மாற்றிவிடுங்கள், சபைகூடலில் எல்லாப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்கும்போது கொடி பாதியில் சிக்கினால் மேலே ஏறி எடுக்க ஆள் கிடைக்காது.